கோவை சிங்காநல்லூர் பக்கம் 45 வருஷப் பழைய தார்சு (கான்கிரீட் மட்டக்கூரை) வீடு விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

"பெயின்ட் எல்லாம் புதுசாக அடித்துப் பளிச்சென்று இருக்கிறது" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிலே. நீங்கள் சொல்கிற ஐந்தரை சென்ட் வீடு, மாடி கிடையாது, "கட்டடத்துக்குக் காசே இல்லைங்க, மனைக்கு மட்டும் கொடுங்க" என்கிற புரோக்கர். 2012-ல் நாங்கள் வாங்கிய வீட்டுக்கும் அச்சு அசலாக இதே கதைதான். உங்களுக்குக் கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் இருக்கும், பேங்கில் கடன் கேட்டிருப்பீர்கள், வீட்டுப் பெரியவர்கள் "பழசைப் போய் எதுக்கு" என்பார்கள் என்று நானாகவே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் எஞ்சினியர் இல்லை, வக்கீலும் இல்லை. ஸ்கூலில் கணக்கு டீச்சர், வீட்டுக்காரருக்கு லேத் பட்டறை. பட்டது மட்டும்தான் இங்கே இருக்கிறது.

நாங்கள் வீடு பார்க்கப் போனது பங்குனி மாசம். வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே கால் வைத்தால் சிவப்பு ரெட் ஆக்சைடு தரை ஜில்லென்று இருக்கிறது. பொடக்காலியில் (கொல்லைப்புறத்தில்) ஒரு வேப்பமரம், கிணற்றடி, துவைக்கிற கல். நான் அங்கேயே விழுந்துவிட்டேன். சுவரெல்லாம் இளம்பச்சை பெயின்ட், வாசனைகூடப் போகவில்லை. உள்ரூமில் ஒரு பீரோ. அதன் நான்கு கால்களுக்கும் கீழே ஒவ்வொரு செங்கல். கட்டிலுக்கும் அப்படியே. சமையலறையில் கிரைண்டர்கூட இரண்டு ஹாலோ பிளாக் மேல் உட்கார்ந்திருந்தது. 'பரவாயில்லையே, அடியில் கூட்டிப் பெருக்க வசதியாக வைத்திருக்கிறார்களே' என்று அந்த வீட்டுக்காரம்மாவை மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். கணக்கு டீச்சர்!

ஐப்பசியில் தெரிந்தது. ராத்திரி ஒன்பது மணிக்குப் பிடித்த மழை, பதினொன்றரைக்கு பாத்ரூம் ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே வந்தது. வாசல் பக்கம் போனால் தெருத் தண்ணீர் படியிறங்கி வந்துகொண்டிருக்கிறது. ஆமாம், இறங்கி. வீடு கட்டியபோது தெருவைவிட இரண்டு படி உயரமாக இருந்ததாம். பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, இப்போது வீடு தெருவைவிட முக்கால் அடி பள்ளம். கேட்டு வெளிப்பக்கம் திறக்காமல் உள்பக்கம் திறந்ததற்கும் அதுதான் காரணம். விடிந்து பார்த்தால் பீரோவின் செங்கல் உயரத்துக்குச் சரியாக ஒரு கோடு. புது பெயின்ட் பொரிந்து, அதற்கடியில் பழைய கோடுகள் மூன்று.

உடனே யாராவது வந்து "எஞ்சினியரைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்க வேண்டியதுதானே" என்று கமென்ட் போடுவீர்கள். காட்டினோம். பத்து நிமிஷம் நின்றார், சுவரை இரண்டு தட்டுத் தட்டினார், "ஸ்ட்ராங்கா இருக்குங்க" என்று ஃபீஸை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எல்லா எஞ்சினியரையும் சொல்லவில்லை, வந்தவரைச் சொல்கிறேன்.

உருப்படியாகப் பார்த்தவர் அதற்கப்புறம் வந்த ஒரு வயசான மேஸ்திரி. அவர் முதலில் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. தெருவில் நின்று வாசல்படியைப் பார்த்தார், அப்புறம் மொட்டை மாடிக்குப் போனார். அங்கே பதித்திருந்த தட்டோட்டுச் சந்தில் புல் முளைத்திருந்தது. "புல்லு இருக்கிற எடத்துல வேரு இருக்கும் அம்மிணி, வேரு போற எடத்துக்குத் தண்ணியும் போகும்" என்றார். கீழே வந்து அதே இடத்தின் அடியில் ஏணி போட்டு ஏறி, சுத்தியலால் மெல்லத் தட்டினார். ஒரு இடத்தில் மட்டும் சத்தம் பொத்தென்று கேட்டது. பூச்சைப் பெயர்த்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியிருந்தது. துருவேறிய கம்பி பருத்துவிடும், பருத்தால் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். அதுதான் அந்தப் பொத்து.

முன்பக்கம் ஒன்று, பொடக்காலிப் பக்கம் ஒன்று என்று ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடியது. எங்கள் தெரு கரிசல் மண். கரிசல் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும், அஸ்திவாரமும் அதோடு ஆடும். அவர் செய்தது இவ்வளவுதான்: விரிசலுக்குக் குறுக்கே செய்தித்தாள் துண்டை இரண்டு இடத்தில் பசை போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதினார். "இது கிழிஞ்சா கூப்பிடுங்க, கிழியலைன்னா என்னைக் கூப்பிட்டுக் காசை வீணாக்காதீங்க." முன்பக்கத் துண்டு சித்திரையில் கிழிந்தது, பொடக்காலிப் பக்கத் துண்டு அப்படியே இருந்தது. பொடக்காலிப் பக்கம் சுவரோரம் ஒரு குழி வெட்டிப் பார்த்ததில் கருங்கல் அஸ்திவாரம் மூன்றரை அடியில் சுக்கான் என்கிற கெட்டி மண் மேல் உட்கார்ந்திருந்தது. முன்பக்கம் அப்படி இல்லை. அதனால்தான் முன்பக்கம் கிழிந்திருக்கிறது. மேலே மாடி எடுக்கிற ஆசையை அன்றைக்கே விட்டோம். இந்த வீடுகளுக்குத் தூண் கிடையாது, சுவர்தான் சுமக்கிறது. நடுச்சுவரை இடித்து ஹாலைப் பெரிசாக்கலாம் என்று யாராவது சொன்னால் அவர்களை முதலில் அந்தச் சுவருக்குக் கீழே நிற்கச் சொல்லுங்கள்.

வயரிங், தண்ணீர்க் குழாய் இரண்டையும் முழுசாக மாற்றத்தான் வேண்டிவரும், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. எர்த் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். நல்ல தண்ணீர் இணைப்பு, சிறுவாணியோ பில்லூரோ, யார் பெயரில் இருக்கிறது, வரி பாக்கி உண்டா என்பதையும்.

சரி, "கட்டடத்துக்குக் காசே இல்லை" என்கிற பேச்சுக்கு வருகிறேன். அது உங்களுக்குச் சலுகை மாதிரி தெரியும். ஆனால் பத்திரம் பதியப் போனால் கட்டடத்துக்கும் தனியாக மதிப்புப் போட்டுத்தான் கேட்பார்கள். இப்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். புரோக்கர் கணக்கில் கட்டடம் பூஜ்யம், பதிவாளர் கணக்கில் பூஜ்யம் இல்லை, மேஸ்திரி கணக்கில் மைனஸ். தெருவைவிடத் தாழ்ந்த வீட்டைத் தூக்கி நிறுத்துகிற செலவை மனை விலையிலிருந்து கழித்துத்தான் பேச வேண்டும். நாங்கள் கழிக்கவில்லை. முதல் இரண்டு வருஷத்தில் மட்டும் ஆறு லட்சம் போனது.

இன்னொன்று, பத்திரம். எங்களுக்கு விற்றவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர், அவர்கள் அப்பா சம்பாதித்துக் கட்டிய வீடு, உயில் எழுதாமல் போய்விட்டார். சேலத்தில் கட்டிக்கொடுத்த ஒரு அக்காவும் உண்டு என்பதே மூன்றாவது தடவை பேசும்போதுதான் வாயிலிருந்து வந்தது. புரோக்கர் உடனே, "அந்தம்மாவுக்கு 89-க்கு முன்னாடியே கல்யாணம் ஆயிடுச்சுங்க, சட்டப்படி பங்கு கிடையாது" என்றார். மகளுக்கும் பங்கு கொடுத்து, அதற்கு முன்பே கல்யாணமானவர்களை மட்டும் விலக்கிய அந்த 1989 தமிழ்நாட்டுச் சட்டம் பூர்வீகச் சொத்துக்கு. அப்பா தானே சம்பாதித்து உயில் இல்லாமல் விட்டதில் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே மனைவி, மகன், மகள், உயிரோடிருந்தால் அவருடைய தாய், எல்லோருக்கும் சமபங்கு. கல்யாணம் எந்த வருஷம் நடந்தால் என்ன? வில்லங்கச் சான்றில் இதெல்லாம் வராது, பதிவானது மட்டும்தான் அதில் வரும். வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பெயர்களை எண்ணுங்கள். அந்த அக்கா கையெழுத்துப் போடும்வரை நான்கு மாசம் காத்திருந்தோம். அந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஏன் என்றால், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். எங்கள் அப்பா போனபோது பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அண்ணன்மார், என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்கிற விடுதலைப் பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள். "நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, அப்புறம் என்ன கண்ணு" என்று. படிக்காமல் போட்டேன். பதினொரு சென்ட் தோட்டத்து வீடு அது. நோம்பிக்கு (பண்டிகைக்கு) போனால் இன்றைக்கும் வாசலில் நின்று "வாங்க" என்று கூப்பிடுகிறார்கள், விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி. அந்தச் சேலத்து அக்கா கையெழுத்துப் போட வந்த அன்று தன் பங்குக்கான செக்கை இரண்டு தடவை படித்துவிட்டுப் பைக்குள் வைத்தார். எனக்கு என்னவோ போல் இருந்தது.

வாங்கியதற்கு வருத்தமா என்று கேட்டால், இல்லை. தரையை உயர்த்தினோம், தார்சுக்கு மேல் புதிதாக ஓடு பதித்தோம், சிவப்புத் தரை போய்விட்டது, அது மட்டும் இன்னும் உறுத்துகிறது. ஆனி ஆடியில் மேற்கு ஜன்னலைத் திறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீட்டுக்குள் குறுக்கே ஓடும். பக்கத்து வீட்டு அத்தை குழம்பு கொடுப்பார்.

நீங்கள் கேட்டிருப்பது ஆவணி மாசம். அட்வான்ஸை தீபாவளி கழித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, நல்ல மழை பெய்கிற ஒரு சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் போய் நில்லுங்கள். தெருமுனையில் துணி தேய்க்கிறவரிடம் தண்ணீர் எந்த வீட்டில் நிற்கும் என்று கேளுங்கள். "வேற பார்ட்டி ரெடியா இருக்குங்க" என்று புரோக்கர் அவசரப்படுத்துவார். எங்கள் வீட்டுக்கும் அந்தப் பார்ட்டி எட்டு மாசமாக ரெடியாகத்தான் இருந்தார்.