12 வோல்ட் பேட்டரியை மல்டிமீட்டர் 12.6 என்கிறது, ஆர்டுயினோ 13.1 என்கிறது. எதை நம்புவது?

மல்டிமீட்டரை நம்புங்கள். ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன போர்டு), 25 வோல்ட் வரை அளக்கும் சின்ன வோல்டேஜ் சென்சார் மாட்யூல், லேப்டாப் யூஎஸ்பியிலிருந்து பவர், அளப்பது இன்வெர்ட்டர் பேட்டரி என்று எழுதியிருக்கிறீர்கள். மாட்யூல் கெட்டுப்போகவில்லை, புதிதாக வாங்க வேண்டாம். புரோகிராமில் 5.0 என்று ஒரு எண் போட்டிருப்பீர்கள், தப்பு அதில்தான் இருக்கிறது.

சென்சார் என்று பெயர் இருந்தாலும் அந்த மாட்யூலில் இருப்பது இரண்டே ரெசிஸ்டர். உற்றுப் பார்த்தால் ஒன்றில் 303, இன்னொன்றில் 752 என்று இருக்கும். அதாவது 30 கிலோ ஓம், 7.5 கிலோ ஓம். இரண்டும் சேர்ந்து உள்ளே வரும் வோல்டேஜை ஐந்தில் ஒன்றாகக் குறைத்து எஸ் என்று குறித்த பின்னில் தருகின்றன. பக்கத்தில் இருக்கும் பிளஸ் பின் பெரும்பாலான மாட்யூல்களில் எதனோடும் சேராது, அதற்கு வயர் தேவையில்லை. எஸ் பின் ஊனோவில் வோல்டேஜ் அளக்கும் ஏ0 பின்னுக்கு, மைனஸ் பின் கிரவுண்டுக்கு. அவ்வளவுதான் வயரிங்.

இனி கணக்கு. 12.6 வோல்ட் வந்தால் ஏ0-வில் 2.52 வோல்ட் இருக்கும். ஊனோ அதை வோல்ட்டாக அளப்பதில்லை. தன் சொந்த சப்ளையோடு ஒப்பிட்டு, 1024 பங்கில் எத்தனை பங்கு என்று மட்டும் சொல்கிறது. சப்ளை சரியாக 5 வோல்ட் என்றால் 516 வரும். லேப்டாப் யூஎஸ்பியும் நீளமான கேபிளும் சேர்ந்து போர்டுக்கு 4.8 வோல்ட்தான் கொடுக்கின்றன என்றால் 537 வரும். புரோகிராம் அந்த 537-ஐ 5.0-ஆல் பெருக்கி, 1024-ஆல் வகுத்து, மறுபடி 5-ஆல் பெருக்கினால் 13.11. உங்கள் 13.1 இப்படித்தான் வந்திருக்கும். சந்தேகம் என்றால் மல்டிமீட்டரை போர்டின் 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள்.

லெட் ஆசிட் பேட்டரியில் அரை வோல்ட் பிழையை விடவே கூடாது. ஓய்வில் இருக்கும் பேட்டரி முழு சார்ஜில் 12.6, 12.7 காட்டும், பாதியில் ஏறத்தாழ 12.2, காலியாகும்போது 11.8 பக்கம். முழுசுக்கும் காலிக்கும் இடையே ஒரு வோல்ட்கூட இல்லை. அரை வோல்ட் தவறினால் பாதி காலியான பேட்டரியை நிறைந்தது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

சரிசெய்ய எளிய வழி, 5 வோல்ட் பின்னில் அளந்த எண்ணையே புரோகிராமில் போடுவது. ஆனால் கேபிளை மாற்றினாலோ, போர்டில் ஒரு ரிலே ஆன் ஆனாலோ அந்த எண் மாறிவிடும். அதைவிட நல்லது, ஊனோவுக்கு வட்ட ஜாக் வழியாக 7.5 முதல் 9 வோல்ட் அடாப்டர் கொடுப்பது. அப்போது போர்டில் இருக்கும் ரெகுலேட்டர் 5 வோல்ட்டை நிலையாக வைத்திருக்கும்.

என் பரிந்துரை மூன்றாவது வழி. ஊனோவின் சிப்புக்குள் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ் ஒன்று, அதாவது சப்ளைக்குப் பதிலாக ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வோல்டேஜ், இருக்கிறது. சப்ளை ஏறினாலும் இறங்கினாலும் அது அசையாது. ஆனால் சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வரை மாறலாம். அதனால் புரோகிராமில் இந்த இன்டர்னல் ரெஃபரன்ஸைத் தேர்ந்தெடுத்த பிறகு, அந்த வோல்டேஜ் தெரியும் ஏரெஃப் பின்னில் மல்டிமீட்டரால் ஒரு முறை அளந்து, கிடைத்த எண்ணைப் புரோகிராமில் எழுதிவிடுங்கள். அந்தப் பின்னில் வெளியிலிருந்து எந்த வோல்டேஜையும் கொடுக்கக் கூடாது. ரெஃபரன்ஸை மாற்றியதும் வரும் முதல் சில ரீடிங்குகளைத் தள்ளிவிடுங்கள். இந்த முறைக்கு உங்கள் மாட்யூல் ஒத்துவராது, 1.1-இன் ஐந்து மடங்கான 5.5 வோல்ட்டிலேயே முட்டிவிடும். 100 கிலோ ஓம், 6.8 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டரால் டிவைடர் (மாட்யூலைப் போலவே வோல்டேஜைக் குறைக்கும் ஜோடி) கட்டினால் 17 வோல்ட் வரை அளக்கலாம். சார்ஜ் ஆகும்போது வரும் 14.4-க்குத் தாராளம். ஒரு சதவீத டாலரன்ஸ் (சொன்ன மதிப்பிலிருந்து விலகக்கூடிய அளவு) உள்ள ரெசிஸ்டரே வாங்குங்கள்.

எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒரு காலிபரேஷன் வேண்டும், ஏனென்றால் ரெசிஸ்டர்களும் சொன்ன மதிப்பில் அப்படியே இருப்பதில்லை. பேட்டரியை ஓய்வில் வைத்து, 16 ரீடிங் எடுத்துச் சராசரி பாருங்கள். அதே நேரத்தில் மல்டிமீட்டர் காட்டுவதை அந்தச் சராசரியால் வகுத்தால் ஒரு படிக்கு (1024 பங்கில் ஒன்றுக்கு) எத்தனை வோல்ட் என்று கிடைக்கும். அந்த ஒரே எண்ணில் எல்லாப் பிழையும் அடங்கிவிடும். மாட்யூலோடு ஒரு படி என்பது சுமார் 24 மில்லிவோல்ட், அதனால் லேப்டாப்பில் ரீடிங் தெரியும் சீரியல் மானிட்டரில் மூன்று தசம இடம் காட்டுவதில் அர்த்தமில்லை. ரீடிங் துள்ளினால் எஸ் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 100 நானோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றைப் போடுங்கள்.

எப்போதும் 0.00 வருகிறதென்றால் புரோகிராமில் 5 / 1024 என்று முழு எண்ணாக வகுத்திருப்பீர்கள், விடை சுழியம்தான். 5.0 என்று எழுதுங்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் 300, 400 என்று எண்கள் அலைகின்றனவா? மாட்யூலில் இருக்கும் 7.5 கிலோ ஓம் அந்தப் பின்னைச் சுழியத்துக்கு இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். அலைகிறது என்றால் எஸ் அல்லது கிரவுண்ட் ஜம்பர் வயர் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. வெளியே நன்றாகத்தான் தெரியும், கொஞ்சம் ஆட்டிப் பாருங்கள்.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். மாட்யூலின் கிரவுண்டும் ஊனோவின் கிரவுண்டும் ஒன்றேதான், நடுவில் எந்தத் தடுப்பும் இல்லை. அதே பேட்டரியிலிருந்து ஊனோவுக்கும் பவர் எடுத்துக்கொண்டு, சென்சார் வயரைப் பிளஸ் மைனஸ் மாற்றிச் சொருகினால் பேட்டரி நேரடியாக ஷார்ட் ஆகும். இன்வெர்ட்டர் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளக்கூடியது, மெல்லிய வயர் நொடியில் எரியும். பேட்டரியின் பிளஸ் முனைக்கு மிக அருகில், அரை ஆம்பியர் ஃபியூஸ் போடாமல் எந்த வயரையும் இழுக்காதீர்கள்.

சோலார் இருந்தால் இன்னொரு பொறி உண்டு. பல பிடபிள்யூஎம் (பேனலை வேகமாக ஆன், ஆஃப் செய்து சார்ஜைக் கட்டுப்படுத்தும்) சார்ஜ் கன்ட்ரோலர்களில் பேனல், பேட்டரி இரண்டுக்கும் பிளஸ்தான் பொது, மைனஸ் தனித்தனி. இரண்டையும் அளக்க இரண்டு மாட்யூல் வைத்து, இரண்டு மைனஸையும் ஊனோவின் கிரவுண்டில் சேர்த்தால் கன்ட்ரோலரின் சுவிட்சைத் தாண்டி மின்சாரம் ஊனோ வழியாக ஓடும். இணைப்பதற்கு முன், வயர் எதையும் கழற்றாமல், கன்ட்ரோலரின் இரண்டு மைனஸ் முனைகளுக்கும் நடுவில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். நல்ல வெயிலில் பேட்டரி நிறைந்திருக்கும்போது அங்கே சில வோல்ட் தெரிந்தால் அவற்றைச் சேர்க்கவே கூடாது.

இரண்டு பேட்டரி சீரிஸில் போட்ட 24 வோல்ட் சிஸ்டத்துக்கும் இந்த மாட்யூல் கூடாது. சார்ஜில் 28.8 வந்தால் பின்னுக்கு 5.76 போகும், அது சிப்பின் எல்லையைத் தாண்டியது. அங்கே, 5 வோல்ட் ரெஃபரன்ஸ் வைத்தே அளப்பதென்றால், 68 கிலோ ஓம், 10 கிலோ ஓம் போடுங்கள், 39 வோல்ட் வரை தாங்கும். வைஃபை உள்ள ஈஎஸ்பி32 போர்டுக்கு மாறினால் பின்னின் எல்லை 3.3 வோல்ட், மாட்யூல் 16.5-லேயே நின்றுவிடும். அதோடு அதன் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) மேல்முனையில் வளைந்து போகும், வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்கள் வேலை செய்யாது. அந்த போர்டென்றால் தனி ஏடிசியான ஏடிஎஸ்1115 சிப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 16 பிட், ரெஃபரன்ஸும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் டிவைடர் அதற்கும் வேண்டும், அதன் பின்னுக்கும் சப்ளையைவிட அதிக வோல்டேஜ் போகக் கூடாது.