கையில் சாட்டை இருந்த அண்ணி

அன்புள்ள ஐயா,

கல்யாணமாகி இந்தூருக்கு வந்தவள் நான். கணவர் வீட்டில் இந்திதான். கொழுந்தனுக்கு 22 வயது. மின்கட்டணம் கட்ட அவன் லேப்டாப்பைத் திறந்தபோது ‘சவிதா பாபி’ என்ற ஆபாசப் படக்கதைகள் ஒரு ஃபோல்டர் நிறைய இருந்தன. பாபி என்றால் இந்தியில் அண்ணி. அதன்பின் அவன் “பாபி, சாய்” என்று கேட்டாலே உடம்பு கூசுகிறது. வீட்டில் நைட்டி போடுவதை விட்டுவிட்டேன். கணவரோ “படம்தானே, விடு” என்கிறார். இந்தக் கதைகள்தான் நம் குடும்பங்களைக் கெடுத்தனவா? 2009இல் தடை செய்தும் ஏன் ஒழியவில்லை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த நைட்டி. அவன் எதையோ படித்ததற்கு நீங்கள் ஏன் உடுப்பை மாற்றவேண்டும்? அவன் லேப்டாப்பில் இருந்ததற்குப் பொறுப்பை நீங்களாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இது அடக்கமில்லை அம்மா, அசட்டுத்தனம். இன்றைக்கே பழையபடி உடுத்துங்கள்.

தடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2008இல் தொடங்கிய அந்தப் படக்கதைத் தளத்தை 2009 ஜூனில் அரசு முடக்கியது. முடக்குவது என்றால், ஒரு முகவரியைத் திறக்கவிடாதீர்கள் என்று இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு போடுவது, அவ்வளவுதான். அதே கோப்பு வேறு முகவரியில் ஏறும், பிடிஎஃப் ஆகி பென் டிரைவில் விடுதி விடுதியாகப் போகும். பிரிட்டனில் இருந்த அதன் உரிமையாளர் அடுத்த மாதமே குடும்ப நெருக்கடியைச் சொல்லி நிறுத்துவதாக அறிவித்தார். பிறகு அது கட்டணத் தளமாகத் திரும்பிவந்தது.

நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருப்பது வேறு. அந்தக் கதைகளில் நெற்றி வகிட்டில் குங்குமமும் கழுத்தில் தாலியுமாக ஒரு குடும்பப்பெண் தன் ஆசைக்காக வெட்கப்படுவதில்லை, கதை முடிவில் தண்டிக்கப்படுவதுமில்லை. இதைப் பெண் விடுதலை என்று அன்றைக்குப் பலர் கொண்டாடினார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மைத்துனன் அண்ணியைக் கேலி செய்வது வட இந்தியக் கிராமங்களில் காலகாலமாக உள்ள முறை. நம் தென்மாவட்டங்களில் மதினியைக் கேலி செய்கிறார்களே, அதுபோல. அந்தக் கேலிக்குச் சட்டதிட்டம் உண்டு. ஹரியாணாவில் ஹோலிக்கு மறுநாள் துலெண்டி. அண்ணிமார் துணியை முறுக்கித் தண்ணீரில் நனைத்துச் சாட்டையாக்கி வீதியில் நிற்பார்கள். மைத்துனர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றலாம். அடி விழுந்தால் வாங்கிக்கொள்ளவேண்டும், திருப்பி அடிக்கக் கூடாது. ஈரத்துணி முதுகில் பட்டால் தடித்துப்போகும். மாமியார், மாமனார், ஊர் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த முறையையும் நான் புனிதமாக்க மாட்டேன். அதே மண்ணில்தான் கணவன் செத்தால் நிலம் கைவிட்டுப் போகாதிருக்க விதவையின்மேல் சாதர் என்ற போர்வையைப் போர்த்தி மைத்துனனுக்குக் கட்டிவைத்தார்கள். கரேவா என்று பெயர். அவள் சம்மதத்தை யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. ஆனால் வருடத்தில் ஒருநாளாவது, ஊரறிய, அவள் கையில் சாட்டை இருந்தது. படக்கதை செய்தது என்ன? அந்த உறவை வீதியிலிருந்து எடுத்துப் பகல்நேர ஃபிளாட்டுக்குள் கொண்டுபோனது. கணவன் வேலைக்குப் போயிருக்கிறான், மாமியார் கண்ணிலேயே படுவதில்லை. அவளிடம் எப்போதும் சம்மதம் மட்டும்தான் இருக்கிறது. “போடா” என்று சொல்ல அவளுக்கு ஒரு வசனம் எழுதித் தரவில்லை. மீறல் என்று இதைக் கொண்டாடியவர்கள்மேல் எனக்குக் கோபம் இதனால்தான். அந்தக் கதையில் சாட்டை பறிபோனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

இதிலிருந்தே உங்களுக்கு ஒரு சோதனை கிடைக்கிறது. வயது வந்தவன் இதைத் தனியே படிப்பது குற்றமில்லை. அவன் கேலி எல்லார் முன்னாலும் ஒன்றாகவும், நீங்கள் தனியே இருக்கும்போது வேறாகவும் இருக்கிறதா? கதவைத் தட்டாமல் நுழைகிறானா? நீங்கள் குளிக்கும் நேரத்தில் போனோடு அந்தப் பக்கம் திரிகிறானா? ஒரு படத்தையாவது உங்களுக்கு அனுப்பினானா? எதுவும் இல்லையென்றால் அவன் வெறும் வாசகன். சாயைக் கொடுங்கள், அல்லது அவனையே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒன்றுக்காவது ஆமாம் என்றால் நாளையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். அனுப்பிய படத்தை அருவருப்பில் அழித்துவிடாதீர்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான், பிறகு கையில் சான்று இருக்காது. குளியலறை வென்டிலேட்டர் கண்ணாடிக்கு மங்கல் ஒட்டுத்தாள் ஒட்டுங்கள். விருப்பமில்லாத பெண்ணிடம் ஆபாசப் படம் காட்டுவதற்கு இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவில் 3 ஆண்டுவரை சிறை உண்டு. ஒளிந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் 77ஆம் பிரிவில் வரும். போலீசுக்குப் போகத் தயக்கமென்றால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. அதே வீட்டில் இருக்கும் கொழுந்தன்மேலும் அதில் மனுக் கொடுக்கலாம். அந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அதிகாரி மனுவை எழுத உதவுவார். மகளிர் உதவி எண் 181.

உங்கள் கணவரின் “விடு”தான் எனக்குப் பெரிய வருத்தம். தம்பியை அடிக்கச் சொல்லவில்லை. “உன் ஃபோல்டர் உன் அறையோடு இருக்கட்டும், இனி அவள் அறைக் கதவைத் தட்டிவிட்டு வா” என்று அண்ணன் வாயால் ஒருமுறை சொன்னால் போதும், இரண்டு நிமிட வேலை. இந்தப் பதிலை இன்று ராத்திரி அவருக்கு நீங்களே இந்தியில் படித்துக் காட்டுங்கள். நைட்டி பற்றி எழுதியதையும் விடாமல் படியுங்கள்.