ஐந்து முறை கழுவியும் பரு போகவில்லையே!

கேள்வி: எனக்கு வயது 22. நெற்றியிலும் கன்னத்திலும் பரு மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறது. எண்ணெய் வழியக் கூடாது என்று ஒரு நாளைக்கு ஐந்து தடவை சோப்புப் போட்டு முகம் கழுவுகிறேன். தினமும் ஸ்க்ரப் தேய்க்கிறேன். இரண்டு மாதத்தில் நான்கு கிரீம் மாற்றிவிட்டேன். இன்னும் என்னதான் செய்வது?

பதில்: இன்னும் செய்ய ஒன்றும் இல்லை. செய்துகொண்டிருப்பதில் பாதியை நிறுத்துங்கள், அது போதும்.

பரு அழுக்கினால் வருவதில்லை. தோலுக்கு அடியில் இருக்கும் சுரப்பி எண்ணெய் சுரக்கிறது. உதிர வேண்டிய இறந்த செல்கள் அந்த எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு துவாரத்தின் வாயை அடைத்துவிடுகின்றன. உள்ளே பாக்டீரியா பெருகி, வீங்கிச் சிவக்கிறது. மூக்கின் மேல் தெரியும் கரும்புள்ளிகூட அழுக்கல்ல, அடைப்பின் நுனி காற்றுப்பட்டுக் கறுத்ததுதான். இதையெல்லாம் தேய்த்து எடுக்க முடியாது. தேய்க்கத் தேய்க்கத் தோல் புண்ணாகும், வீக்கம் கூடும்.

சோப்பு விஷயத்துக்கு வருகிறேன். நம் தோல் லேசான அமிலத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு (அமிலமா, காரமா என்று காட்டும் எண்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) சுமார் 5. சாதாரணக் குளியல் சோப்பு 9, 10 வரை போகும். ஐந்து தடவை அதைப் போட்டால் முகம் இழுத்துப் பிடிக்கத்தானே செய்யும்? அந்த இழுவையைத்தான் பலர் 'சுத்தமாகிவிட்டது' என்று நினைத்துக்கொள்கிறார்கள். காலையில் ஒரு முறை, இரவு ஒரு முறை, நன்றாக வியர்த்தால் இன்னும் ஒரு முறை. மிதமான பேஸ் வாஷ், வெறும் விரல்கள், வெதுவெதுப்பான தண்ணீர். துண்டால் ஒற்றி எடுங்கள். ஸ்க்ரப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

எண்ணெய்ச் சருமத்துக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்று கேட்பீர்கள். பரு மருந்துகள் தோலை உலர்த்தும். உலர்ந்த தோல் எரியும். எரிந்தால் மருந்தை விட்டுவிடுவீர்கள். அதற்காகத்தான். 'நான்-காமிடோஜெனிக்' (துவாரத்தை அடைக்காதது) என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சன்ஸ்கிரீனும் அப்படியே. பரு போன இடத்தில் நிற்கும் கருமை வெயில் பட்டால் இன்னும் அழுத்தமாகும்.

மருந்தில் எது நல்லது? சாலிசிலிக் அமிலம், பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் மூன்றுமே பலன் தருபவை. மூன்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள், ஒன்று போதும். பென்சாயில் பெராக்சைடு என்றால் 2.5 சதவீதமே போதும், 10 சதவீதம் எரிச்சலைத்தான் கூட்டும். (துணியில் பட்டால் சாயத்தை வெளுத்துவிடும், தலையணை உறை வெள்ளையாக இருக்கட்டும்.) அடாபலீனை இரவில் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லிசாகத் தடவுங்கள். பருவின் தலையில் மட்டும் வைப்பதில் பயனில்லை. அடுத்து வரப்போவதைத் தடுப்பதுதான் அதன் வேலை. கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டாலோ அடாபலீன் வேண்டாம்.

நீங்கள் செய்த பெரிய தப்பு சோப்பு அல்ல, அந்த நான்கு கிரீம்தான். இன்று கண்ணில் படும் பரு பல வாரங்களுக்கு முன்பே உள்ளே அடைக்கத் தொடங்கியது. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று தெரியவே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு இன்னும் கூடுதலாக. இரண்டு வாரத்தில் மாற்றினால் எந்த மருந்துக்கும் நியாயம் செய்ததாகாது. ஆரம்பித்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

நெற்றிப் பருவுக்குத் தலைமுடியில் பூசும் எண்ணெய், ஜெல் காரணமாக இருக்கலாம். நெற்றியில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், கிள்ளாதீர்கள். கிள்ளினால் தழும்பு நிச்சயம் என்று சொல்லவில்லை, ஆனால் அந்தப் பந்தயம் உங்கள் முகத்தில் வேண்டாம். யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு கலந்த கிரீமும் தடவாதீர்கள். அதுவே பருவைக் கிளப்பும்.

பரு கட்டி கட்டியாக வலித்தாலோ, குழித்தழும்பு விழுந்தாலோ காத்திருக்க வேண்டாம், தோல் மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாமல், தாடையில் முடியும் வளர்கிறது என்றால் அதையும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அப்போது சிக்கல் ஹார்மோனில் இருக்கலாம், எந்த பேஸ் வாஷும் அதைச் சரிசெய்யாது.