அண்ணா ஹார்ப் அனுப்புவதற்கு முன்

கேள்வி: உப்புவெளியில் வசிக்கும் ஆசிரியை நான். வட இலங்கைச் சங்கீத சபையின் வீணைப் பரீட்சைகள் சிலவற்றில் சித்தியடைந்திருக்கிறேன். இப்போது மேலைநாட்டுத் தந்திக் கருவியான ஹார்ப் கற்க ஆசை. லண்டனிலிருக்கும் அண்ணா உடனே வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார். திருகோணமலையில் ஆசிரியர் எவரும் கிடைக்கவில்லை. வீடியோக்களைப் பார்த்து நானே தொடங்கலாமா?

பதில்: அன்புச் சகோதரி, தனியாகத் தொடங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஆசிரியரை முதலில் தேடிக்கொள்ளுங்கள். கருவி அதன் பிறகு வரட்டும்.

காரணம், கையின் அமைப்பு. ஹார்ப் வலது தோளில் சாய்ந்திருக்க, பெருவிரல் மேல்நோக்கி நிற்கவும், அடுத்த மூன்று விரல்களும் கீழ்நோக்கிச் சாய்ந்து தந்தியைத் தொடவும், மீட்டிய விரல் உடனே உள்ளங்கைக்குள் மடியவும் வேண்டும். சின்னிவிரலுக்கு வேலையே இல்லை. மணிக்கட்டு இறுகியபடி சில மாதங்கள் பழகிவிட்டால் அதைத் திருத்துவது பெரும்பாடு; அந்த இறுக்கத்தை வீடியோ உங்களுக்குச் சுட்டிக்காட்டாது. வீணைக்காக நகம் வளர்த்திருந்தால் அதையும் வெட்டவேண்டி வரும், ஏனெனில் இங்கே ஒலி விரல்நுனிச் சதையிலிருந்து பிறக்கிறது. வீணையை விட மனமில்லையென்றால் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் ஓர் ஆசிரியர் அமைந்தால், விடுமுறையில் இரவு ரயிலேறிச் சென்று முதல் சில வகுப்புகளையாவது நேரில் பெறுங்கள். பின்னர் வீடியோ அழைப்பில் தொடரலாம். அழைப்பில் ஒலி தாமதித்து வருவதால் இருவரும் சேர்ந்து வாசிக்க இயலாது. ஆகவே வாரப் பயிற்சியைப் பதிவுசெய்து வகுப்புக்கு முன்பே அனுப்பினால் அதைக் கேட்டுத் திருத்துவாரா என்றும், சுருதி சேர்க்கவும் அறுந்த தந்தியை மாற்றவும் கற்றுத்தருவாரா என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பின்னதற்குத் தயங்குபவரிடம் சேர வேண்டாம்.

உங்கள் சங்கீத ஞானம் பெரிதும் உதவும். மேலைநாட்டுச் சுரப்பெயர்களில் சி தந்திகள் சிவப்பு, எஃப் தந்திகள் கறுப்பு; சி-யை ஆதார சட்ஜமாகக் கொண்டால் சிவப்பு சட்ஜமும் கறுப்பு சுத்த மத்யமமும் ஆகின்றன, சங்கராபரணம் கண்ணெதிரே விரிந்துவிடும். ஆனால் தந்தியை இழுத்து எழுப்பும் வீணைக் கமகத்தை இதில் எதிர்பார்க்காதீர்கள். ஹார்ப் நமக்கு முற்றிலும் அந்நியமான கருவியும் அல்ல. திருகோணமலையில் கல்விப்பணி செய்த விபுலாநந்த அடிகள் நீண்ட காலம் ஆராய்ந்த பண்டைய யாழ் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

அண்ணாவிடம் பெடல் ஹார்ப் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 47 தந்திகளும் 7 பெடல்களும் கொண்ட அது ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ளது, விலையும் மிக அதிகம். தொடக்கத்துக்கு 34 தந்திகள் கொண்ட லீவர் ஹார்ப் போதும். ஒவ்வொரு லீவரும் தன் தந்தியை அரைச்சுரம் உயர்த்தும். மடியில் வைத்து வாசிக்கும் மிகச் சிறிய கருவிகளில் தந்திகள் விரைவிலேயே போதாமல் போகும். நமது கடற்கரை ஈரப்பதத்தில் குடல்நாண் தந்திகள் எளிதில் சுருதி மாறி, விரைவில் நைந்தும் போவதால் நைலோன் தந்திகளே பொருத்தமானவை. ஒரு முழு உபரித் தந்தித் தொகுதியையும் சுருதிச் சாவியையும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள். கருவி வந்ததும் யன்னலோரத்தில் வைக்காதீர்கள்; புதுத் தந்திகள் இழுபட்டு நிலைக்கும்வரை முதல் வாரங்களில் தினமும் சுருதி சேர்க்கவேண்டியிருக்கும், அதற்கான நேரத்தையும் பயிற்சி நேரத்திலேயே ஒதுக்கிக்கொள்ளுங்கள்.