வர்ட் பேனா: ஞாயிற்றுக்கிழமை மிச்சம் வைத்த கேள்விகள்

போன ஞாயிறு சிங்கப்பூரில் பேனாக்காரர்கள் கூடியபோது, என் பையிலிருந்த மூன்று வர்ட் (Wirt) பேனாக்களை, அதாவது பழைய அமெரிக்க ஊற்றுப்பேனாக்களை, சுற்றியே பேச்சு ஓடியது. நேரம் போதவில்லை. கேள்விகளைத் தாளில் எழுதி வாங்கி வந்தேன், பதில்கள் இதோ.

ஈசூன் நண்பர்: வர்ட் என்று ஒரு கம்பெனியா? கேள்விப்பட்டதே இல்லையே.

பால் வர்ட், பென்சில்வேனியாவில் ப்ளூம்ஸ்பர்க் என்ற சிற்றூரின் வக்கீல். 1880களில் பேனா செய்ய இறங்கினார். பேர்போன பேனாக்காரர் வாட்டர்மேனின் காப்புரிமை 1884, இவருடையது 1885. எழுத்தாளர் மார்க் டுவைன் இந்தப் பேனாவுக்கு நற்சான்று தந்து அது விளம்பரமாகவும் வந்தது. பிற்பாடு அதே மனிதர் கான்க்லின் பேனாவையும் புகழ்ந்தார், அது வேறு கதை!

தெம்பனிஸ் சகோதரி: நிப்புக்கு மேலே ஏதோ ஒட்டியிருக்கிறதே, உடைசலா?

இல்லைம்மா, அதுதான் நாக்கு, நிப்புக்கு மை கொண்டுவரும் துண்டு. நம் பேனாக்களில் நிப்புக்குக் கீழே இருக்கும். பழைய வர்ட்டில் மேலே படுத்திருக்கும். மை நிப்பின் முதுகில் இறங்கி வரும். முதலில் பார்ப்பவர்கள் நாக்கைத் தலைகீழாகச் செருகிவிட்டதாக நினைத்துப் பிடுங்கப் பார்ப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் செய்த நாக்கு நூறு வயதைத் தாண்டியது, பட்டென்று போய்விடும்.

ஜூரோங் தம்பி: ஒரு வர்ட் வாங்கினேன், பழுப்பேறிக் கிடக்கிறது. வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் கறுப்பாகுமா?

ஐயோ, தொடாதீர்கள். நானே செய்த முட்டாள்தனம் இது. கழுத்து (நிப்பைத் தாங்கும் முன்பகுதி) இறுகிப்போன ஒன்றை வெதுவெதுப்பான நீரில் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஓரளவு கறுப்பாக இருந்த கட்டை (பேனாவின் உடல்), பாசி பிடித்த ஆலிவ் நிறத்தில் கிடந்தது. எபோனைட் என்பது கந்தகம் கலந்து வேகவைத்த ரப்பர். வெளிச்சமும் ஈரமும் பட்டுப் பட்டு மேல்தோல் கெட்டுப்போயிருக்கும். தண்ணீர் பட்டதும், அதிலும் சூடான தண்ணீர் என்றால், அந்தக் கேடு நிறமாக வெளியே தெரியும். தேய்த்தால் கறுப்பு வரும்தான், ஆனால் கட்டையில் செதுக்கிய கோடுகளும் வர்ட் பெயரும் கூடவே போய்விடும். பெயர் அழிந்த வர்ட்டை எவர் வாங்குவார்? பழுப்பாகவே இருக்கட்டும். கழுத்து திறக்கவில்லை என்றால், தலைமுடி உலர்த்தும் கருவியால் லேசாக, கை தாங்கும் அளவுக்கு மட்டும் சூடு காட்டி மெல்லத் திருகுங்கள். உள்ளே கழுவ, ட்ராப்பரால் பச்சைத்தண்ணீர் விட்டுக் குலுக்கினால் போதும்.

பிடோக் ஐயா: எம்ஆர்டி ரயிலை விட்டு இறங்கினால் சட்டைப் பையெல்லாம் மை. ஏன்?

இது ட்ராப்பரால் மை ஊற்றும் பேனா. உள்ளே ரப்பர் பை கிடையாது, கட்டை முழுக்க மைதான். மை குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று பிடிக்கும். ஏசியில் குளிர்ந்த காற்று வெளி வெயிலில் விரிந்து மையைத் தள்ளும். வெளியே கொண்டுபோவதென்றால் முழுக்க நிரப்புங்கள், நிப்பு மேல்நோக்கி இருக்கட்டும். மரையில் துளி சிலிக்கான் கிரீஸ். நான் வீட்டிலேயே வைத்துவிடுகிறேன், சட்டையும் பிழைக்கிறது.

பை இல்லாததில் ஒரு லாபம்: நம் ஊர் வெக்கையில் உருகிப் பிசுபிசுக்க எதுவும் இல்லை.

அங் மோ கியோ அக்கா: எந்த மை?

சாதாரண ஊற்றுப்பேனா மை. ஓவியம் வரையும் இந்தியன் இங்க் மட்டும் கூடவே கூடாது, காய்ந்தால் நாக்கு அடைத்துவிடும்.

இன்னொருவர்: சிங்கப்பூரில் எங்கே கிடைக்கும்?

சுங்கை ரோட்டுச் சந்தை இருந்தவரை ஆசையோடு சுற்றினேன். அதையும் 2017இல் மூடிவிட்டார்கள். இப்போது வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதுதான். 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும் கணக்கில் சேருங்கள். விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: மூடியின் வாய், நிப்பு, கட்டையில் உள்ள எழுத்து. மூடி செருகும் வகை. பலர் அழுத்திச் செருகியே வாயில் மயிரிழை விரிசல் விட்டிருக்கும். தங்க நிப்பின் நுனியில் இரிடியப் பொட்டு (கடினமான உலோகத் துளி) இருக்கிறதா பாருங்கள், தேய்ந்திருந்தால் வெறும் தங்கம் தாளைக் கீறும். நிப்பில் வேறு கம்பெனிப் பெயர் இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

அவரே: முதல் பேனாவாக இதை வாங்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள். தமிழ்நாட்டுத் திருவள்ளூரில் இன்றும் எபோனைட் பேனாக்களைக் கையால் கடைகிறார்கள். அதில் ஒன்றை வாங்கி, ட்ராப்பரால் சிந்தாமல் ஊற்றப் பழகுங்கள். அப்புறம் வர்ட். அதை இருட்டான டப்பாவில் வையுங்கள். பக்கத்தில் வெள்ளிப் பேனா வேண்டாம், எபோனைட்டின் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.