பந்து இல்லாத பிள்ளைக்குத்தான் முதல் பாடம்

கேள்வி: பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறேன். எல்லோரும் பந்தைச் சுற்றி மொய்க்கிறார்கள். பாஸ் கொடுக்கவும், இடம் மாறி ஓடவும், ஆடும்போது பேசிக்கொள்ளவும் எப்படிப் பழக்குவது?

மதுரைக்கு மேற்கே நாகமலை அடிவாரத்தில், சரளைக்கல் நிறைந்த ஒரு பொட்டலில் மாலை வேளைகளில் பயிற்சி கொடுத்துவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். பாஸ் தவறினால் கொடுத்த பிள்ளையைக் கடிந்துகொள்வதே நம் வழக்கம். ஆனால் பெரும்பாலான நேரங்களில் பிழை வாங்க வேண்டிய பிள்ளையிடம் இருக்கிறது. அது எதிராளியின் முதுகுக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டு பந்தைக் கேட்கிறது.

உதைக்கும் முறையைக் கற்றுக்கொடுக்க அதிக நாள் ஆகாது. ஊன்றும் காலைப் பந்துக்குப் பக்கத்தில் இலக்கைப் பார்த்து வைத்து, கணுக்காலைத் தளரவிடாமல் உள்பாதத்தால் பந்தின் நடுவில் தட்டினால் போதும்.

எட்டு மீட்டர்ச் சதுரத்தின் நான்கு மூலைகளிலும் செருப்புகளை வைத்து, பக்கத்துக்கு ஒருவராக நால்வரையும் நடுவில் ஒருவரையும் நிறுத்துங்கள். நால்வரும் தங்களுக்குள் பாஸ் கொடுக்க, நடுவில் இருப்பவர் பந்தைப் பறிக்க வேண்டும். முதல் சில நாட்கள் நால்வரும் நட்டுவைத்த கம்பம் போல நிற்பார்கள். நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, பந்து வராத பிள்ளையிடம், "பந்து வச்சிருக்கிறவன் கால் உனக்குத் தெரியுதா?" என்று மட்டும் கேட்பேன். தெரியவில்லை என்றால் தெரியும் வரை கோட்டோரமாக நகர வேண்டும்; இரண்டு எட்டு போதும். இந்த ஒரு கேள்வி, கோணம், முக்கோணம் என்று நான் முன்பு கரும்பலகையில் வரைந்து காட்டிய அத்தனையையும் விட வேகமாகப் பிள்ளைகளுக்குள் இறங்கியது. பிறகு, பந்து உருண்டு வரும்போதே நான் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவேன்; வாங்குவதற்கு முன் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். தலையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் இதில்தான் வருகிறது.

பேச்சு விஷயத்தில் நம் பிள்ளைகளுக்குக் கூச்சம் இல்லை. "டேய் டேய், இங்க இங்க" என்று பத்துப் பேரும் கத்துவார்கள். அதில் செய்தி எதுவும் இல்லை என்பதுதான் சிக்கல். ஆகவே "டேய்" என்ற சொல்லுக்கே தடை போட்டு, மூன்று சொற்களைக் கொடுத்தேன்: பின்னால் எதிராளி வந்தால் "ஆள்", இடம் இருந்தால் "திரும்பு", நிறுத்தாமல் தட்ட வேண்டுமானால் "ஒண்ணு". சொல்ல வேண்டிய நேரம், பந்து வந்து சேர்வதற்கு முன்; சேர்ந்த பிறகு சொன்னால் பயன் இல்லை. "விடு" என்று எதிரணியை ஏமாற்றுவதற்காகக் கத்தும் குறும்பையும் ஆரம்பத்திலேயே நிறுத்திவிடுங்கள். ஆட்ட விதி 12-இன்படி பேச்சால் எதிராளியைத் திசைதிருப்பினால் மஞ்சள் அட்டையும், எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக்கும் (நேரே கோல் அடிக்க முடியாத உதை) உண்டு. ஒரு போட்டியில் எங்கள் பையன் அப்படிக் கத்தி அட்டை வாங்கிய பிறகுதான், எனக்கே அதைச் சொல்லித்தரத் தோன்றியது.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் வாயே திறக்காமல் ஆடச் சொல்லுங்கள். பார்த்தே ஆக வேண்டிய கட்டாயத்தில் கழுத்துகள் திரும்பும். அதன் பின் பேச அனுமதித்தால், தேவையானதை மட்டும் பேசுவார்கள். (கோட்டுக்கு வெளியே நின்று "அடிடா, தூக்கி அடி!" என்று கத்தும் அப்பாக்களுக்கும் அந்த ஐந்து நிமிடத் தடை பொருந்தும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.)

மொய்ப்பது குறைய வேண்டுமானால், இந்த வயதில் பதினொருவர் ஆட்டம் வேண்டாம். ஐவருக்கு ஐவர், அல்லது எழுவருக்கு எழுவர் என்று சிறிய இடத்தில், அளவில் சிறிய நான்காம் எண் பந்தில் ஆடவிடுங்கள். எங்களிடம் முதலில் பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்து ஒன்றுதான் இருந்தது. அதைத் தள்ளத் தெம்பில்லாமல் சின்னப் பிள்ளைகள் நுனிக்காலால் உதைத்துப் பழகியதைத் திருத்த ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஆயிற்று.