அமைதியான ஜப்பானியக் குடும்பப் படங்களை எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்? ரொம்ப மெதுவாக நகருமா?

பலரும் இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யைத்தான் முதலில் சொல்வார்கள். நான் ஹிரோகாசு கொரே-எடா 2008-இல் எடுத்த 'ஸ்டில் வாக்கிங்'கிலிருந்து தொடங்கச் சொல்வேன். மெதுவாகத்தான் நகரும். ஆனால் வீணான காட்சி என்று ஒன்றைக்கூட என்னால் காட்ட முடியாது.

கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் காலை, அவ்வளவுதான். நீரில் மூழ்கிய ஒரு சிறுவனைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட மூத்த மகனின் நினைவு நாளுக்குக் குடும்பம் கூடுகிறது. அப்பா ஓய்வுபெற்ற டாக்டர். இளைய மகன் ரியோட்டா பழைய ஓவியங்களைச் சீர்செய்பவன். இப்போது வேலை இல்லை, அதை வீட்டில் மறைக்கிறான். அவன் கட்டிக்கொண்டதோ, கணவனை இழந்த, ஒரு பையன் உள்ள பெண்ணை. இதை வைத்து எத்தனை சண்டைக் காட்சி எடுக்கலாம்! கொரே-எடா அந்தப் பக்கமே போகவில்லை. அம்மா மக்காச்சோள முத்துகளை உதிர்த்து மாவில் கலந்து பொரிக்கிறார், எண்ணெய் படபடவென்று வெடிக்கிறது, எல்லோரும் சுடச்சுட எடுத்துச் சாப்பிடுகிறார்கள்.

அன்று காப்பாற்றப்பட்டவன் இப்போது இளைஞன். வருஷா வருஷம் அவனையும் அழைக்கிறார்கள். வியர்த்துக் கொட்ட, கூனிக் குறுகி உட்கார்ந்துவிட்டுப் போகிறான். 'பாவம், இனிமேல் அவனைக் கூப்பிட வேண்டாமே' என்று இரவில் ரியோட்டா கேட்கிறான். பின்னல் வேலையோடு உட்கார்ந்திருக்கும் அம்மா, அதற்காகத்தானே கூப்பிடுகிறேன் என்கிறார். வருஷத்தில் ஒரு நாளாவது அவனும் வேதனைப்படட்டுமாம். குரல் உயரவே இல்லை. பகலில் ஆசை ஆசையாகச் சோளம் பொரித்துக் கொடுத்த அதே அம்மா! அம்மாவாக வரும் கிரின் கிகி நடித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது.

குளியலறையில் புதிதாகப் பொருத்திய கைப்பிடியை இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் கவனித்தேன். பெற்றோருக்கு வயதாகிவிட்டதை ரியோட்டா அங்கேதான் உணர்கிறான். முந்தைய நாள் நினைவுக்கு வராத ஒரு சுமோ வீரரின் பெயர், ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவனுக்குச் சட்டென்று நினைவு வருகிறது. அம்மாவிடம் சொல்ல முடியாது, பஸ் கிளம்பிவிட்டது. புத்தாண்டுக்கு வர வேண்டியதில்லை என்று மனைவியிடம் சொல்கிறான். அங்கே படியேறி வீட்டுக்குப் போகும் பெற்றோர், அடுத்து புத்தாண்டுக்கு வருவார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள்.

இதைப் பார்த்துச் சில நாள் கழித்து 'டோக்கியோ ஸ்டோரி' (1953) பாருங்கள். மூத்த மகனை வாரிசாக்கிய பழைய குடும்பச் சட்டம் 1947-இல்தான் மாற்றப்பட்டது. அதற்கு ஆறே வருஷம் கழித்து வந்த படம். ஒனோமிச்சியிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வயதான பெற்றோர் டோக்கியோவுக்கு வருகிறார்கள். டாக்டர் மகனுக்கும் அழகு நிலையம் நடத்தும் மகளுக்கும் நேரமில்லை. அடாமி வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவைக்கிறார்கள். அங்கே இரவெல்லாம் கூச்சல், தூக்கமே இல்லை. ஒரு நாள் லீவு போட்டு ஊரைச் சுற்றிக்காட்டுவது, போரில் இறந்த மகனின் மனைவி நொரிகோ.

அம்மாவின் இறுதிச் சடங்கு முடிந்து சாப்பிடும்போதே, அவருடைய இன்ன கிமோனோ எனக்கு வேண்டும் என்று மகள் கேட்கிறாள். முதல் முறை பார்த்தபோது அவள்மேல் எனக்கு அப்படியொரு கோபம். அடுத்த முறைதான், அம்மா பிழைக்க மாட்டார் என்று கேட்டதும் தேம்பி அழுததும் இவள்தான் என்பது கண்ணில் பட்டது. அந்த அழுகையும் பொய்யில்லை.